சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு வேலை

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலின் ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிற பரப்பு சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர். பெட்டியின் எடை, வளைவில் வெளியே தள்ளும் விசை, பிரேக் பிடிக்கும்போது எழும் இழுவை எல்லாமே அந்தச் சின்ன இடத்தின் வழியாகத்தான் பாதைக்கு இறங்க வேண்டும். அங்கே என்ன நடக்கிறது, அதனால் மேலே பெட்டியும் கீழே பாதையும் எப்படி ஆடுகின்றன, எந்த வேகத்தில் அந்த ஆட்டம் கைமீறிப் போகும் என்று கண்டுபிடிப்பதுதான் ரயில் இயங்கியல் ஆராய்ச்சி. மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரானிக்ஸ், கணிதம், இயற்பியல் என எது படித்தவரும் நுழையலாம். ஆனால் இப்படி ஒரு தொழில் இருப்பதே நம் மாணவர்கள் பலருக்கு வேலை தேடும் காலத்தில்கூடத் தெரிவதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியை மட்டும் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் ஏராளம். பாதையை மட்டும் தெரிந்தவர்களும் ஏராளம். இரண்டுக்கும் நடுவே நின்று, கணினி சொன்ன எண்ணையும் களத்தில் அளந்த எண்ணையும் அருகருகே வைத்து, ‘இவை ஏன் ஒத்துப்போகவில்லை’ என்று கேட்கத் தெரிந்தவர்கள்தான் கிடைப்பதில்லை. அந்த இடத்தைக் குறிவைத்துத் தயாராகுங்கள்.

காகிதத்தில் ஒரு கணக்கு

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்கைக் கையால் போடுங்கள். ரயில் சக்கரத்தின் விளிம்பு லேசான கூம்பு வடிவம். அச்சு ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கச் சக்கரம் பெரிய விட்டத்தில் உருளும், எதிர்ப்பக்கச் சக்கரம் சிறிய விட்டத்தில் உருளும். அதனால் அச்சு தானாகவே நடுவுக்குத் திரும்புகிறது. திரும்புகிற வேகத்தில் நடுவில் நிற்காமல் மறுபக்கம் போய்விடுகிறது. இப்படி இடமும் வலமுமாக நெளிந்து நெளிந்து ஓடுவதை ரயில்வேயில் ‘ஹன்டிங்’ என்பார்கள். 1883-ல் ஜெர்மானியப் பொறியாளர் கிளிங்கல் அந்த நெளிவின் அலைநீளத்துக்குச் சூத்திரம் தந்தார். சக்கரத்தின் ஆரத்தை, இரு தொடுபுள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தின் பாதியால் பெருக்குங்கள். கூம்பின் சரிவால் வகுங்கள். வர்க்கமூலம் எடுத்து 6.28-ஆல் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

நம் அகலப் பாதைக்கே போட்டுப் பார்க்கலாம். பயணிகள் பெட்டியின் புதுச் சக்கரம் 915 மில்லிமீட்டர் விட்டம், ஆகவே ஆரம் 0.4575 மீட்டர். தொடுபுள்ளிகளின் பாதித் தூரம் சுமார் 0.875 மீட்டர். சரிவு 20-க்கு 1, அதாவது 0.05. விடை கிட்டத்தட்ட 18 மீட்டர். மணிக்கு 160 கிலோமீட்டரில் ஓடும் ரயில் வினாடிக்கு 44 மீட்டர் கடக்கிறது. ஆகவே வினாடிக்கு இரண்டரை முறை நெளிகிறது. இப்போது சக்கரம் தேய்ந்து, சரிவு 0.2 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் பாதியாகி 9 மீட்டருக்கு வந்துவிடும். நெளிவு வினாடிக்கு ஐந்து முறை. அதே பெட்டி, அதே பாதை, லோகோ பைலட் ஓட்டுவதும் அதே வேகத்தில். சில மில்லிமீட்டர் தேய்மானம் செய்த வேலை இது. புதுப் பெட்டி சோதனையில் தேறியதை வைத்து அதன் ஆயுள் முழுக்க நிம்மதியாக இருக்க முடியாது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது.

கிளிங்கல் சூத்திரம் வெறும் வடிவியல். அதில் விசையே இல்லை. உண்மையில் சக்கரம் முழுக்க உருளுவதில்லை. உருளும்போதே மிக நுண்ணிய அளவில் நழுவுகிறது. இந்த நழுவலுக்குத் துறையில் ‘க்ரீப்’ என்று பெயர். ஓட்டத்தின் ஆற்றல் இந்த வழியாகத்தான் ஆட்டத்துக்குள் புகுகிறது. ஸ்பிரிங்கும் டேம்பரும் அதை அடக்க முடியாத வேகம் வரும்போது ஆட்டம் தானாக வளரத் தொடங்கும். அதுதான் கிரிட்டிக்கல் வேகம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் யோஸ்ட் கால்கர் இந்த நழுவல் விசைகளுக்கான கோட்பாட்டை வகுத்தார். 1982-ல் அவர் தந்த ‘ஃபாஸ்ட்சிம்’ என்ற கணக்கீட்டு முறை ரயில் மென்பொருள்களுக்குள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த படியாக, ஒரே ஒரு வீல்செட்டை (ஓர் அச்சும் அதன் இரு சக்கரங்களும்) எடுத்துக்கொண்டு, பக்கவாட்டு நகர்வு, திரும்பல் என்ற இரண்டு அசைவுகளுக்கு மட்டும் சமன்பாடு எழுதி, பைத்தானிலோ மேட்லேபிலோ ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடியுங்கள். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், மெய்ப்பகுதி எங்கே சுழியைத் தாண்டுகிறது என்று வரைபடம் போடுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவருக்கே எட்டக்கூடிய வேலை இது. சிம்பேக், விஐ-ரெயில், வேம்பயர் போன்ற பெரிய மென்பொருள்களைப் பொத்தான் அழுத்தி ஓட்டத் தெரிந்த பத்துப் பேருக்கு நடுவே, இந்த வரைபடத்தைத் தன் கையால் போட்டவர் தனியாகத் தெரிவார். நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தால் அவரைத்தான் எடுப்பேன்.

ஆனால் சுழியைத் தாண்டும் அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, ‘இதற்குக் கீழே எல்லாம் பத்திரம்’ என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ட்ரூ பல ஆண்டுகள் வலியுறுத்திய விஷயம் இது. நேரியல் கணக்கு காட்டுவதைவிடக் குறைந்த வேகத்திலேயே, பாதையில் ஒரு பெரிய குலுக்கல் கிடைத்தால் ஆட்டம் பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது. அதனால் ஆட்டம் பிடித்த நிலையிலிருந்து வேகத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து, எங்கே அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அடங்கும் வேகம்தான் நீங்கள் நம்பவேண்டிய எண்.

வேறு துறையிலிருந்து வருகிறீர்களா? நல்லது

ஏரோ படித்தவர்கள் ‘எங்களுக்கு ரயிலில் என்ன இருக்கிறது’ என்று கேட்பதுண்டு. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமான இருவர் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

முதலில் அவர்கள் முன் நின்ற சிக்கலைப் பாருங்கள். 1955 மார்ச் கடைசியில் பிரான்சின் லாண்ட் பகுதியில் நடந்த சோதனை ஓட்டத்தில் ஒரு மின்சார இன்ஜின் மணிக்கு 331 கிலோமீட்டரைத் தொட்டது. உலக சாதனை. ஆனால் ஓட்டம் முடிந்த பிறகு பாதையின் ஒரு பகுதி இடமும் வலமுமாக வளைந்து கிடந்தது. சக்கரங்களின் பக்கவாட்டு விசை தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு சேர்த்து ஜல்லிக்குள் தள்ளிவிட்டிருந்தது. அச்சு பாதையை எவ்வளவு தள்ளலாம் என்பதற்குப் பிரெஞ்சு ரயில்வேயின் ப்ரூதோம் வகுத்துத் தந்த வரம்பு இன்றும் பயன்படுகிறது. அச்சுச் சுமையைக் கிலோநியூட்டனில் எடுத்து, மூன்றால் வகுத்து, பத்தைக் கூட்ட வேண்டும். 17 டன் அச்சுக்குச் சுமார் 66 கிலோநியூட்டன். வேலையில் சேர்ந்தால் இந்த எண்ணோடு அடிக்கடி மல்லுக்கட்ட வேண்டிவரும்.

அதே காலத்தில் ஜப்பானில் இந்தச் சிக்கலை அணுகியவர் தாதாஷி மாட்சுதைரா. கடற்படையில் ஜீரோ போர்விமானத்தின் அதிர்வுகளை ஆராய்ந்தவர். போர் முடிந்து விமானத் தயாரிப்பு தடைசெய்யப்பட்டதும் ரயில்வே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பெட்டி ஆடுவதற்குப் பாதையின் கோணல்தான் காரணம் என்று ரயில்வே பொறியாளர்கள் நம்பியிருந்த நேரம் அது. பாதை வழவழவென்று இருந்தாலும் ஆடும், விமான இறக்கையில் வருவதைப் போலத் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் அதிர்வு இது என்றார் அவர். போகியை, அதாவது பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டத்தை, உருளைகளின் மேல் ஏற்றி, ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே அதைச் சோதிக்கவும் வழி பிறந்தது. 1957 மே மாதம், ஆய்வுக்கூடத்தின் 50-ஆம் ஆண்டையொட்டி டோக்கியோவில் நடந்த பொதுக்கூட்டத்தில், டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு மூன்று மணி நேரத்தில் போக முடியும் என்று அவரும் சகாக்களும் எடுத்துச் சொன்னார்கள். 1964 அக்டோபர் 1 அன்று ஷின்கான்சென் 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியது. அதன் சக்கரச் சரிவு 40-க்கு 1. மேலே போட்ட கணக்கில் அந்த எண்ணை வைத்துப் பாருங்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது உடனே விளங்கும். பிரிட்டனிலும் இதே கதைதான். டெர்பி ஆய்வுக்கூடத்தில் போகியின் நிலைத்தன்மையைக் கோட்பாடாக வகுத்த ஆலன் விக்கன்ஸ் ஏவுகணைப் பணியிலிருந்து வந்தவர்.

கன்ட்ரோல்ஸ், ஆட்டோமொபைல், சிக்னல் பிராசசிங் படித்தவர்களுக்கும் இதே வரவேற்பு உண்டு. ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அதிர்வைப் பற்றித் தெரிந்திருந்தால் ரயிலை ஓராண்டில் கற்றுக்கொள்ளலாம்.

பாதைக்குக் கீழே இருப்பதையும் படியுங்கள்

சிவில் படித்தவர்களுக்கு இந்த இடம். ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகருக்குத் தெற்கே லெட்ஸ்கார்ட் என்ற ஊர். 1997-ல் அங்கே புதுப் பாதையில் எக்ஸ்-2000 ரயிலை 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபோது, பாதையும் சுற்றியுள்ள தரையும் யாரும் எதிர்பாராத அளவுக்கு அதிர்ந்தன. ரயிலில் குறையில்லை, தண்டவாளத்திலும் குறையில்லை. கீழே இருந்தது மெத்தென்ற களிமண். அந்த மண்ணில் நறுக்கு அலை (ஷியர் வேவ்) வினாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில்தான் பரவும். 200 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 55 மீட்டருக்கும் மேல். தான் எழுப்பும் அலையை ரயிலே எட்டிப் பிடித்துவிட்டது. வேகத்தைக் குறைத்து, மண்ணுக்குள் சுண்ணாம்பும் சிமென்டும் கலந்த தூண்களை இறக்கிப் பலப்படுத்த வேண்டியிருந்தது. அந்தக் களத்தில் எடுத்த அளவீடுகள் பிற்பாடு உலகெங்கும் கணினி மாதிரிகளைச் சரிபார்க்கும் உரைகல்லாகிவிட்டன. மண் பரிசோதனை அறிக்கையில் நறுக்கு அலை வேகம் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த சிவில் இன்ஜினியர் அதிவேகப் பாதைத் திட்டத்தில் தங்கமான ஆள்.

பாலங்களும் இப்படித்தான். ஒரே நீளமுள்ள பெட்டிகள் வரிசையாகக் கடக்கும்போது போகிகள் ஒரே தாளத்தில் பாலத்தைத் தட்டுகின்றன. பெட்டி நீளம் 25 மீட்டர், பாலத்தின் இயல்பு அதிர்வு வினாடிக்கு 4 முறை என்றால், வினாடிக்கு 100 மீட்டரில், அதாவது 360 கிலோமீட்டரில், இரண்டும் ஒத்திசைந்துவிடும். அந்த வேகத்தில் பாதியிலும் மூன்றில் ஒரு பங்கிலும்கூட ஒத்திசைவு தலைகாட்டும். பாரிஸ்–லியோன் தடத்தின் சில சிறு பாலங்களில் ஜல்லியே நிலைகுலைந்து பாதை கெட்டுப்போனது. அந்த அனுபவத்திலிருந்துதான் ஜல்லி போட்ட பாலத் தளம் வினாடி வர்க்கத்துக்கு 3.5 மீட்டருக்கு மேல் முடுக்கம் காட்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதி பிறந்தது. 508 கிலோமீட்டர் நீளமுள்ள மும்பை–அகமதாபாத் அதிவேகத் தடத்தின் பெரும்பகுதி தூண்கள்மேல்தான் போகிறது, அதுவும் ஜல்லி இல்லாத கான்கிரீட் பலகைப் பாதையில். பால இயங்கியல் தெரிந்தவர்களுக்கு அங்கே பல ஆண்டுகளுக்கு வேலை இருக்கிறது.

பெட்டியா, பாதையா?

நம் ரயில்வேயில் பெட்டி மெக்கானிக்கல் துறையிடம், பாதை சிவில் துறையிடம். ஒரு தடத்தில் ரயில் குலுங்குகிறது என்று புகார் வந்தால் பெட்டிக்காரர்கள் பாதையைக் காட்டுவார்கள், பாதைக்காரர்கள் பெட்டியைக் காட்டுவார்கள். இந்தச் சண்டையைத் தரவைக் கொண்டு தீர்க்கத் தெரிந்தால் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உங்களுக்கு மரியாதை வந்துவிடும். வழி ரொம்பவும் எளியது. அளந்த முடுக்கத்தின் அலைமாலையில் எந்த அதிர்வெண்ணில் உச்சம் தெரிகிறது என்று குறியுங்கள். அதே இடத்தில் வேறு வேறு வேகங்களில் ஓட்டிய பதிவுகளிலும் குறியுங்கள். வேகம் மாறியும் உச்சம் அசையாமல் அதே அதிர்வெண்ணில் நின்றால் அது ஏதோ ஒரு உறுப்பின் இயல்பு அதிர்வு. பெட்டியின் உடலாக இருக்கலாம், போகி சட்டமாக இருக்கலாம், பாலமாகவும் இருக்கலாம். வேகத்தோடு சேர்ந்து உச்சமும் நகர்ந்தால் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 0.6 மீட்டர் என்றால் அது ஸ்லீப்பர் இடைவெளி. 13 மீட்டர் என்றால் பழைய தண்டவாள இணைப்புகள், அல்லது வெல்டிங். 2.87 மீட்டர் என்றால் 915 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு. சக்கரம் வட்டம் தவறித் தேய்ந்திருக்கிறது, லேத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இதெல்லாம் அளவீடு சரியாக இருந்தால்தான். யார்டில், பிட் லைனுக்குள் இறங்கி, ஆக்சில் பாக்ஸில் ஆக்சிலரோமீட்டர் பொருத்தும் வேலையை ஒருமுறையாவது நீங்களே செய்யுங்கள். கிரீஸைத் துடைத்து, பெயின்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தின் மேல்தான் சென்சார் உட்கார வேண்டும். கேபிளைத் தொங்கவிட்டால் ஓட்டத்தில் அது அடித்துக்கொண்டே வந்து பொய்யான அதிர்வைப் பதிவு செய்யும். எனவே நெருக்கமாகக் கட்டுங்கள், கனெக்டரை டேப் சுற்றி மூடுங்கள். மூன்று திசைகளையும் பெயின்டால் அம்புக்குறி போட்டுப் புகைப்படம் எடுத்து வையுங்கள். கடைசியாக ஒருவர் சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் லேசாகத் தட்ட, மேலே மடிக்கணினியில் உட்கார்ந்திருப்பவர் சரியான சேனல்தான் துள்ளுகிறதா, எந்தக் குறியில் துள்ளுகிறது என்று பார்த்து, உரக்கச் சொல்ல வேண்டும். இந்தத் தட்டலைத் தவிர்த்துவிட்டு, ஓட்டம் முடிந்த பிறகு செங்குத்து எது, பக்கவாட்டு எது என்று தேடும் குழுக்கள் உண்டு. பதிவு முழுக்க வீண்.

பதிவு வேகத்தையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 300 கிலோமீட்டர் வேகத்தில், தண்டவாளத்தின் மேல் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் சிற்றலைத் தேய்மானம் இருந்தால் அது வினாடிக்கு 2,800 முறை சக்கரத்தைத் தட்டும். 1,000 ஹெர்ட்ஸில் பதிவு செய்துவிட்டு ‘சிற்றலை எதுவும் இல்லை’ என்று எழுதக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: இரண்டு குழுக்களின் முடிவுகள் ஒத்துப்போகாதபோது முதலில் ஃபில்டரைக் கேளுங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 14363, சக்கர விசைகளை 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி, பக்கவாட்டு விசையை 2 மீட்டர் தூரத்துக்குச் சராசரி எடுக்கச் சொல்கிறது. ஒருவர் அப்படிச் செய்து இன்னொருவர் செய்யாவிட்டால், ஒரே ரயில் ஒருவர் கணக்கில் தேறும், மற்றவர் கணக்கில் தோற்கும்.

பாதையில் இறங்கினால் கீமேனிடமும் டிராக்மேன்களிடமும் பேசுங்கள். எந்த இடத்தில் மழைக்குப் பிறகு ஜல்லிக்கடியிலிருந்து சேறு மேலே வருகிறது, எந்த வெல்டில் சத்தம் மாறியிருக்கிறது என்பது தினமும் நடந்துபோகும் அவர்களுக்குத் தெரியும். அண்ணே என்று கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் வரைபடத்தில் உச்சம் வந்த கிலோமீட்டர் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். அளவீட்டுப் பட்டியலில் இல்லாத விவரம் கிடைக்கும். பிளாக் (அந்தப் பாதையில் ரயில்களை நிறுத்திவைக்கும் அனுமதி) கொடுத்திருக்கிறார்களா, லுக்-அவுட் ஆள் நிற்கிறாரா என்பதை உறுதி செய்யாமல் தண்டவாளத்தில் கால் வைக்கவே வேண்டாம். எந்த ஆராய்ச்சியும் உயிருக்கு ஈடாகாது.

கையெழுத்துப் போடும் முன்

1998 ஜூன் 3. ஜெர்மனியின் எஷெடே அருகே 200 கிலோமீட்டர் வேகத்தில் போன ஐ.சி.இ. ரயில் தடம்புரண்டு 101 பேர் இறந்தார்கள். அதிர்வுத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் இதைப் படித்தே ஆக வேண்டும், ஏனென்றால் தொடக்கம் ஓர் அதிர்வுப் புகாரில் இருந்தது. அந்த ரயிலுக்கு முதலில் ஒரே துண்டாலான சக்கரங்கள். அவை வட்டம் தவறித் தேய்ந்தபோது உணவுப் பெட்டியில் அதிர்வும் இரைச்சலும் தாங்கவில்லை. தீர்வாக, சக்கரத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ரப்பர் வைத்த சக்கரங்களைப் பொருத்தினார்கள். டிராம்களில் நன்றாக உழைத்த ஏற்பாடு. அதிர்வு குறைந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வெளி வளையம் சுமையின் கீழ் சற்றே தட்டையாகி மீண்டது. தேயத் தேய வளையம் மெலிந்தது, வளைவு கூடியது. வளையத்தின் உட்புறத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், களைப்பு விரிசல் வளர்ந்து ஒருநாள் உடைந்தது. உடைந்த வளையம் வழியில் ஒரு பாயின்டில் சிக்க, தடம்புரண்ட பெட்டிகள் மேம்பாலத்தின் தூணில் மோதின. பாலம் ரயிலின் மேல் விழுந்தது.

நீங்கள் ஒரு டேம்பரை மாற்றியோ ரப்பர் பேடைச் சேர்த்தோ பயணிகள் பெட்டியில் அதிர்வைப் பாதியாக்கினால் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த அறிக்கையில் இன்னொரு பக்கம் சேருங்கள்: இந்த மாற்றத்தால் எந்த உறுப்பு முன்பைவிட அதிகம் வளைகிறது, அது எத்தனை சுற்றுக்குத் தாங்கும், அதை எப்படிச் சோதிக்கப் போகிறோம். மேலதிகாரி கேட்காவிட்டாலும் எழுதுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதி, யாரிடம் கேட்க வேண்டும் என்று குறிப்பிடுங்கள். அவசரப்படுத்தினால் பேச்சில் ஒப்புக்கொள்ளாமல் எழுத்தில் பதில் சொல்லுங்கள். இளநிலைப் பொறியாளருக்கு இது கடினமான காரியம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் துறையில் நல்ல பெயர் இப்படித்தான் சேர்கிறது.

எங்கே போய்ச் சேரலாம்

புதுத் தடத்தில் 250 கிலோமீட்டருக்கு மேல், மேம்படுத்திய தடத்தில் 200-ஐ ஒட்டி ஓடுவதைத்தான் உலக ரயில்வே அமைப்பு அதிவேகம் என்கிறது. அந்தக் கணக்கில் வந்தே பாரத் சேராது. ஆனால் சரக்கு ரயில்களின் கனத்த அச்சுகள் நசுக்கிய அதே பாதையில் 160 கிலோமீட்டரை நிம்மதியாக ஓட்டுவது, தனிப் பாதையில் 300 ஓட்டுவதைவிட எளிது என்று நான் நினைக்கவில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப்.-ல் 2018-ல் உருவான ‘ட்ரெயின் 18’ சோதனையில் 180 கிலோமீட்டரைத் தொட்டு, 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் என்ற பெயரில் டெல்லி–வாரணாசி இடையே ஓடத் தொடங்கியது. 2024-ல் 280 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கும் இரண்டு ரயில்தொடர்களுக்கான பணியை ஐ.சி.எஃப். பெங்களூரின் பெமல் நிறுவனத்திடம் கொடுத்தது. வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிற வாய்ப்புகள் இவை.

நாட்டில் எந்தப் புதுப் பெட்டியும் லக்னோவில் உள்ள ரயில்வே ஆய்வு அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. நடத்தும் ஆசிலேஷன் ட்ரையலைத் தாண்டித்தான் ஓட்டத்துக்கு வரும். அங்கே அதிகாரி இடங்களுக்குப் பெரும்பாலும் ரயில்வே பணிகளிலிருந்தே வருகிறார்கள். ஆகவே பொறியியல் பணித் தேர்வோ ரயில்வே தேர்வு வாரியத்தின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வோ எழுதி உள்ளே போய், பிறகு அந்தப் பக்கம் நகர்வதுதான் நடைமுறை. அதற்குப் பொறுமை வேண்டும். தனியாரில் அல்ஸ்டாம், சீமென்ஸ் போன்றவற்றின் பொறியியல் மையங்கள் பெங்களூரில் இருக்கின்றன. மெட்ரோ நிறுவனங்களுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும், சுரங்கப் பாதையின் அதிர்வு மேலே உள்ள வீடுகளுக்குப் போகாமல் தடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். வடோதராவின் கதி சக்தி விஸ்வவித்யாலயா ரயில்வே, போக்குவரத்துப் படிப்புகளுக்கென்றே இயங்குகிறது. ஐ.ஐ.டி. கரக்பூரில் ரயில்வே ஆராய்ச்சிக்குத் தனி மையம் உண்டு. கேட் மதிப்பெண்ணோடு அங்கெல்லாம் முயலுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு என்றால், ஆராய்ச்சியின் கனம் இப்போது சீனாவின் பக்கம் சாய்ந்திருக்கிறது. 40,000 கிலோமீட்டரைத் தாண்டிய அதிவேகத் தடங்கள் அங்கே கண்முன்னே ஓடுகின்றன. செங்டு நகரின் தென்மேற்கு ஜியாவ்தோங் பல்கலைக்கழகத்தில் ஜாய் வான்மிங் ரயிலையும் பாதையையும் ஒரே அமைப்பாகச் சேர்த்துக் கணக்கிடும் முறையை வளர்த்தெடுத்தார். அதைப் பற்றிய அவருடைய நூல் 1997-ல் சீன மொழியில் வந்தது, இப்போது ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. பெட்டிக்காரர், பாதைக்காரர் பிரிவினையைத் தாண்ட நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். ஸ்வீடனில் கே.டி.ஹெச்., சால்மர்ஸ், இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட், இத்தாலியில் மிலானோ பாலிடெக்னிக் ஆகியவை நல்ல இடங்கள். ஸ்வீடனில் முனைவர் பட்டம் என்பது சம்பளமுள்ள வேலை. இடம் காலியானால் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அறிவிப்பில் வரும், தலைப்பும் அதிலேயே இருக்கும். ‘உங்களிடம் ஆராய்ச்சி செய்ய ஆசை’ என்று பொதுவாக மின்னஞ்சல் அனுப்புவதைவிட, அந்த அறிவிப்புக்காகக் காத்திருந்து அந்தத் தலைப்புக்கென்றே எழுதுவது மேல்.

கடிதம் ஒரு பக்கம் போதும். தெரிந்த மென்பொருள்களை வரிசையாக அடுக்காதீர்கள். நீங்கள் போட்ட வீல்செட் கணக்கின் வரைபடத்தை இணையுங்கள். முடிந்தால் 1990-களின் கடைசியில் வெளிவந்த மான்செஸ்டர் பெஞ்ச்மார்க் பெட்டிகளில் ஒன்றை உங்கள் நிரலில் ஓட்டி, பிறர் பெற்ற விடைகளோடு ஒப்பிட்டு அதையும் இணையுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே வட்டமிட்டு, ஏன் என்று நீங்கள் நினைப்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். நேர்காணலில் பெரும்பாலும் அந்த வட்டத்திலிருந்துதான் பேச்சு தொடங்கும். உங்கள் மாதிரி எந்த வேகத்துக்கு மேல், எந்த அதிர்வெண்ணுக்கு மேல் நம்பத்தகாதது என்று கேட்பார்கள். எண்ணைச் சொல்லுங்கள், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.